விரிசல் விழாத முகம்

எலியாஸின் கடப்பாரை எதிலோ பட்டு நங்கென்று ஒலித்தது. குழிக்குள் நின்ற மூவரும் சொல்லிவைத்தாற்போல் கையை நிறுத்தினார்கள். ஒருவன் குந்தி உட்கார்ந்து மண்ணை விரலால் விலக்கினான். வெள்ளையாக, வழவழவென்று, மட்டம் பிசகாத சுண்ணாம்புத் தரை தெரிந்தது. பழங்காலத்துத் தரை. எங்கள் பக்கம் இது அதிசயமில்லை. கக்கூசுக்குக் குழி வெட்டினாலும் எவனோ ஒரு ராஜாவின் முற்றத்தில் போய்த்தான் இடிக்கும்.

குழி மக்காரியோவுக்காக. நேற்று மேட்டுக் கோயில் சுரங்கத்தில் மண் சரிந்து அவன் செத்துப்போனான். வெட்டுகிறவர்கள் அவனோடு வேலை பார்த்தவர்கள். காட்டுக்குள் புதைந்து கிடக்கும் பழைய மாயாக் கோயில்களைத் தோண்டிக் கொடுத்து வயிறு வளர்ப்பவர்கள். அதனால் குழியும் அந்தக் கைப்பழக்கத்திலேயே வந்திருந்தது. நாலு மூலையும் நறுக்கினாற்போல் இருந்தன. பக்கவாட்டு மண்ணைக் கொத்துக்கரணையால் சீவி விட்டிருந்தார்கள். மண்ணில் கிடைத்த பானை ஓடுகளைக்கூட ஒருவன் தன்னையறியாமல் பொறுக்கி, கரையில் தனியாகக் குவித்து வைத்திருந்தான்.

கிரிசாந்தோ அந்தக் குவியலைக் காலால் எத்தினான். செத்தவனின் அண்ணன் அவன். இந்த ஆட்களுக்கு மேஸ்திரியும் அவன்தான். பழைய தரை வந்தால் கையை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிடு என்பது அவன் சொல்லிக் கொடுத்த பாடம். மூன்று பேரும் அவனை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ன பெரிய மச்சான், பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?" என்றான் எலியாஸ். மக்காரியோவின் மனைவியுடைய தம்பி. "தலைநகரத்துக்குப் போனைப் போட்டுக் கேப்பமா? பதில் வர்ற வரைக்கும் மச்சான் பாட்டுக்கு வீட்லயே படுத்திருக்கட்டும். அவருக்கென்ன அவசரம்?"

மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கிரிசாந்தோ குழிக்குள் குதித்தான். எலியாஸின் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கித் தரையில் ஓங்கிக் குத்தினான். முதல் குத்துக்கு வெள்ளைத்தூள் பறந்தது. அடுத்ததற்குத் தரை பாளமாகப் பிளந்தது. அதற்கு மேலும் குத்திக்கொண்டே இருந்தான். சில்லுகள் கணுக்காலில் தெறித்து ரத்தம் வந்தது.

"போதும்ணே, விடுங்க. ஆழம் வந்துருச்சு," என்று ஒருவன் அவன் தோளைத் தொட்டான்.

எலியாஸ் கரையேறி உட்கார்ந்து காறித் துப்பினான். "நல்லாத்தான் உடைக்கத் தெரியுது," என்றான்.

நேற்று நடந்தது ஊருக்குள் யாருக்கும் முழுசாகத் தெரியாது. சுரங்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் கோயிலுக்குள் இன்னொரு கோயில் இருக்கிறது. பழைய ஆட்கள் ஒரு கோயிலை மூடிவிட்டு அதன் மேலேயே பெரிதாக இன்னொன்று கட்டுவார்கள். உள்ளே மூடிக்கிடந்த கோயிலின் சுவரில், இந்தப் பருவத்து வேலையில், ஒரு சாமி முகம் அகப்பட்டது. ஆள் உயரத்துக்கும் மேலே, கல்லில் கட்டிச் சாந்து பூசிய முகம். சிவப்புச் சாயம்கூட உதட்டில் அப்படியே ஒட்டியிருந்தது. பார்த்தவுடன் லிசெத் மேடம் வாய்விட்டு அழுதாள். அவள்தான் அந்த வேலையின் தலைமை. தலைநகரத்திலிருந்து வருகிறவள், கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. அமைச்சர் வருகிறார், டிவிக்காரர்கள் வருகிறார்கள் என்று பேச்சாகிவிட்டது.

முகத்துக்குப் பின்னால், முன்பு எப்போதோ சிலைத் திருடர்கள் குடைந்த ஒரு பொந்து இருந்தது. அதைச் சுத்தம் பண்ணி முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒல்லியான ஆள் வேண்டும் என்றார் எஞ்சினியர். கிரிசாந்தோ தம்பியை அனுப்பினான்.

மக்காரியோ தவழ்ந்து உள்ளே போகும்போதுகூட, "அண்ணே, சாமியோட பொடனிக்கு அழுக்குத் தேய்க்கப் போறேன். எதாச்சும் வேண்டுதல் இருந்தா இப்பவே சொல்லிருங்க, காதுல போட்டுர்றேன்," என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

கொஞ்ச நேரத்தில் பொந்தின் வாய் சரிந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. மூட்டையிலிருந்து சோளம் கொட்டுகிற சத்தம், அப்புறம் புழுதி.

வாய்ப்பக்கம் மண்ணை அள்ளினால் அள்ள அள்ளச் சரிந்தது. அப்போதுதான் முகத்துக்குள்ளிருந்து தட்டுகிற ஒலி கேட்டது. கிரிசாந்தோ ஓடிப்போய் அந்தப் பெரிய கன்னத்தில் காதை வைத்தான். டக், டக், டக். கரணையால் தட்டுகிறான். அந்த இடத்தில் சுவர் ஒரு முழம்கூட இருக்காது. திருடர்கள் அந்த அளவுக்குக் குடைந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"தம்பி!" என்று கத்தினான். பதிலுக்கு வேகமாகத் தட்டினான் மக்காரியோ.

எலியாஸ் சம்மட்டியோடு வந்து நின்றான். "உடைச்சிருவமா, பெரிய மச்சான்?"

எஞ்சினியர் இரண்டு கையையும் விரித்துச் சாமி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் கை வைத்தால் மேலே இருக்கிற மொத்தப் பாரமும் இறங்கிவிடும், எல்லாரும் போய்விடுவோம் என்றார். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவருக்கே நிச்சயமில்லை என்பது குரலில் தெரிந்தது. தலைநகரத்தில் கேட்டுவிட்டு வருகிறேன், அதுவரை வாய்ப்பக்கம் அள்ளுங்கள் என்று செல்போனைத் தூக்கிக்கொண்டு கோயில் உச்சிக்கு ஓடினார். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். லிசெத் மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எஞ்சினியர் போனதும் ஆட்கள் எல்லாரும் கிரிசாந்தோவைப் பார்த்தார்கள். தடுக்க இப்போது யாருமில்லை.

கைய வேணா உடைச்சுக்கோ, கல்ல உடைக்காதே. புதிதாக வேலைக்கு வருகிறவனிடம் கிரிசாந்தோ முதலில் சொல்வது இதைத்தான். அவன் மேஸ்திரியானதே அதனால்தான். இத்தனை வருஷத்தில் அவன் கைப்பட ஒரு கல் மூளியானதில்லை. வெளிநாட்டுக்காரர்கள் அவன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

"பதில் வரட்டும்," என்றான் கிரிசாந்தோ. "நீ வந்து மண்ணை அள்ளு."

அள்ளினார்கள். வாளி கைமாறிக் கைமாறி வெளியே போயிற்று. தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இடைவெளி விட்டுக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அள்ளிக்கொண்டே இருந்தார்கள். எஞ்சினியர் இறங்கி வரும்போது மக்காரியோவின் காலைப் பிடித்து வெளியே இழுத்திருந்தார்கள். கண், மூக்கு, வாய் எல்லாம் வெள்ளைப் புழுதி. சுகாதார நிலையத்து ஆள் வந்து பார்த்துவிட்டு மூச்சடைப்பு என்று எழுதினான். கிரிசாந்தோ தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து அவன் மனைவி எர்மெலிந்தாவின் முன்னால் கிடத்தினான்.

"ஒரே நொடிம்மா. அவனுக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது," என்றான்.

எலியாஸ் பக்கத்திலேயே நின்றான். ஒன்றும் சொல்லவில்லை.

குழி வேலை முடிந்து அவர்கள் மேடேறி வந்தபோது வீட்டு வாசலில் கூட்டம் நிறைந்திருந்தது. பலகைச் சுவரின் இடுக்கு வழியாகக் குங்கிலியப் புகை கசிந்தது. பின்கட்டில் பெண்கள் சோளமாவைப் பிசைந்து இலையில் மடித்துக்கொண்டிருந்தார்கள். முனையிலிருந்த கடையில் ரேடியோ சத்தமாக வைத்திருந்தார்கள். இங்கேயும் கேட்டது. "விலைமதிப்பற்ற மாயாச் சிற்பம் பெரும் விபத்திலிருந்து நல்லவேளையாகத் தப்பியது. சம்பவத்தில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார்." அதற்குப் பிறகு சோப்பு விளம்பரம்.

"செத்த மவராசன் பேரைக்கூட சொல்லலையே," என்றாள் ஒரு கிழவி.

"எதுக்குச் சொல்லணும்?" என்றான் எலியாஸ். "போன வாரம் ஒரு கைடு வெள்ளைக்காரங்களுக்கு விளக்கிட்டிருந்தான். மாயா ஜனங்க ஒருநாள் திடீர்னு மறைஞ்சு போயிட்டாங்களாம், எங்க போனாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாதாம். நானும் மச்சானும் பக்கத்துல நின்னு மண்ணு சலிச்சிட்டிருந்தோம். மச்சான் கையத் தூக்கி, 'இங்கதான்யா இருக்கோம்'ன்னாரு. அவங்களுக்கு நம்ம பாஷை புரியல. சிரிச்சிக்கிட்டே போட்டோ எடுத்துட்டுப் போனாங்க."

யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள்.

ஓரமாக நின்ற ஒரு பெரியவர், மலைச்சாமிக்கு முறையாகப் படைக்காமல் மலையின் வயிற்றைக் கிழித்தால் இப்படித்தான் ஆகும் என்றார். சாந்து கறுத்துவிடும் என்று இந்தத் தடவை எஞ்சினியர் குங்கிலியத்தை உள்ளே கொளுத்த விடவில்லை என்பது உண்மைதான். வெளியிலேயே கொளுத்தினார்கள். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கிரிசாந்தோவும் தலையாட்டினான். மலை எடுத்துக்கொண்டது என்றால் பிறகு மனிதர்களைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

அப்போது ஜீப் வந்தது. லிசெத் மேடம் இறங்கினாள். கையில் பெரிய மலர்வளையம், குறுக்கே அலுவலகத்தின் பேரைத் தங்க எழுத்தில் போட்ட நாடா. இரவெல்லாம் தூங்காத முகம். கூட்டம் வழிவிட்டது. அவள் உள்ளே போய் எர்மெலிந்தாவைக் கட்டிப்பிடித்தாள். எர்மெலிந்தா கட்டைபோல் நின்றாள்.

வெளியே வந்ததும் கிரிசாந்தோவைத் தனியாக நாரத்தை மரத்தடிக்குக் கூப்பிட்டாள்.

"கிரிசாந்தோ, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலன்னா எனக்குத் தாங்காது."

"சொல்லுங்க மேடம்."

"பதில் எதுவும் வரல. எஞ்சினியருக்கு லைனே கிடைக்கல. மழை மூட்டமா இருந்துச்சு இல்ல... கடைசி வரைக்கும் அவர் யார்கிட்டயும் பேசவே இல்ல."

கிரிசாந்தோ அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்னு யாரும் சொல்லல," என்றாள். "நீங்க உடைச்சிருவீங்கன்னுதான் நான் நெனச்சேன். சத்தியமா. கூடப்பொறந்த தம்பி. இப்ப உடைப்பார், இப்ப உடைப்பார்னு பாத்துட்டே நின்னேன். உடைச்சிருந்தா நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்."

"நீங்க உடைன்னு சொல்லலையே மேடம்."

"நீங்க என்னைக் கேக்கலையே, கிரிசாந்தோ."

மரத்திலிருந்து ஒரு காய் தானாக விழுந்து உருண்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அவள் சொல்வது நிஜமா, அல்லது இரவெல்லாம் விழித்திருந்து தனக்குத் தோதாக ஒன்றைச் செய்து கொண்டுவந்திருக்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. அதைக் கேட்கவும் அவனால் முடியவில்லை. அவள் பாரத்தை இறக்கி வைத்துவிட்டாள், அது மட்டும் தெரிந்தது. முகம்கூடக் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"இன்னொண்ணு," என்றாள் அவள். "அந்த முகத்துக்கு மக்காரியோன்னு பேர் வைக்கலாம்னு அலுவலகத்துல சொல்றாங்க. புத்தகத்துல, போர்டுல எல்லாம் அந்தப் பேர்தான் வரும். அவங்க வீட்டம்மாகிட்ட நீங்களே சொல்லிக் கேட்டுருங்க."

ஜீப் போய்விட்டது. அடக்கத்துக்கு அவளால் இருக்க முடியவில்லை, டிவிக்காரர்கள் வரும் நாள் நெருங்கிவிட்டது.

உள்ளே பெட்டியை மூடுகிற நேரம். எங்கள் வழக்கப்படி, செத்தவன் போகிற தூரத்துக்கு வேண்டிய சாமான்களை உடன் வைத்து அனுப்ப வேண்டும். எர்மெலிந்தா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவனுடைய தொப்பி. சோளக்கஞ்சி குடிக்கிற குடுவை. மாற்றுச் சட்டை, மடித்தது. மழைக்காலத்து ரப்பர் பூட்ஸைத் துணியால் துடைத்துக் காலடியில் வைத்தாள். சின்ன மகள், அப்பாவுக்குக் கொசு கடிக்கும் என்று கொசுவலையைக் கொண்டுவந்தாள். அதையும் வாங்கி வைத்தாள்.

கடைசியில் வேலைச் சாமான். நேற்று யாரோ அவன் இடுப்புத் துணியோடு சேர்த்துச் சுருட்டி அனுப்பியிருந்தார்கள். சுருளைப் பிரித்துக் கரணையை எடுத்தாள். பெட்டிக்குள் வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். அதை வெளிச்சத்தில் திருப்பினாள்.

நுனி மடங்கியிருந்தது. ஓரம் முழுக்கப் பொக்கையாகத் தெறித்திருந்தது. இடுக்கில் வெள்ளைச் சுண்ணாம்பு.

"போன சனிக்கிழமதான் இதைத் தீட்டினாரு," என்றாள். "சவரக்கத்தி மாதிரி ஆக்கி வச்சிருக்கேன், தொடாதன்னு புள்ளைங்கள வெரட்டினாரு."

ஜபம் சொல்ல வந்தவர் நிறுத்திவிட்டார்.

"இது எப்படி இப்படி ஆச்சு, எலியாஸ்?"

எலியாஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். காலையிலிருந்து அத்தனை குத்தல் பேசியவன், இப்போது அக்காளின் முன்னால் வாயைத் திறக்கவில்லை. அவன் தோள் மட்டும் குலுங்கியது.

அவள் கிரிசாந்தோவைப் பார்த்தாள். கரணையை நீட்டிப் பிடித்திருந்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஒரே நொடி என்று நேற்றுச் சொன்ன வாய் அது.

எர்மெலிந்தா விரலால் அந்த மழுங்கிய நுனியைத் தடவினாள். பிறகு மக்காரியோவின் வலது கையைத் திறந்து அதற்குள் கரணையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூட முயன்றாள். விறைத்துப்போன விரல்கள். மடங்கவில்லை. பக்கத்தில் வைத்தாள்.

"பெரியத்தான்," என்றாள், நிமிராமலே. "அந்த முகம் நல்லா இருக்கா?"

"ம்."

"விரிசல் கிரிசல்?"

"இல்லம்மா."

"சரி," என்றாள். மூடியை எடுத்து வைக்கச் சொல்லிக் கை காட்டினாள்.

பேர் வைக்கிற விஷயத்தை அவன் கேட்கவில்லை.

மண் ஈரமாக இருந்ததால் சுமந்தவர்களுக்கு வழுக்கியது. பெட்டியை இறக்கும்போது குழியின் சீவிவிட்ட பக்கங்களில் அது எங்கேயும் உரசவில்லை. அளவெடுத்துச் செய்தாற்போல் இறங்கியது. "நல்ல குழி," என்று ஒரு பெரியவர் பாராட்டினார். உடைந்த தரையின் வெள்ளைச் சில்லுகளும் மண்ணோடு சேர்ந்து பெட்டி மேல் விழுந்தன. கிரிசாந்தோ கடைசி மண் போகும்வரை மண்வெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. மூடி முடித்ததும் மேட்டைத் தட்டி மட்டமாக்கினான். எலியாஸ் மலர்வளையத்தைக் கொண்டுவந்து, நாடாவை மட்டும் உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பூவை வைத்தான். எதற்கு நாடா என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பினால் சாப்பிட்டுத்தான் போக வேண்டும். சாவு வீட்டுச் சாப்பாட்டை வேண்டாம் என்பது செத்தவனையே வேண்டாம் என்பதுபோல. வாசலில் பலகை போட்டு ஆண்களை உட்கார வைத்தார்கள். மிளகாய் போட்டுச் சிவக்கக் காய்ச்சிய வான்கோழிச் சாறு, இலையில் அவித்த சோளமாவு. பெண்கள் பரிமாறினார்கள். எர்மெலிந்தா வரவேண்டியதில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் வந்தாள்.

கிரிசாந்தோ வரிசையின் கடைசியில், தூணோரமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இடம் இருந்தும் யாரும் வந்து உட்காரவில்லை. தனக்குப் பரிமாறாமல் விட்டுவிட்டால் தேவலை என்றிருந்தது. விட்டுவிட்டால் எழுந்து போய்விடலாம். ஊர் பார்க்கும், பேசும், அதோடு ஒரு கணக்கு முடியும்.

அவள் நேராக அவனிடம்தான் வந்தாள். வீட்டின் மூத்த ஆணுக்குத் தருகிற பெரிய தொடைத் துண்டு கிண்ணத்தில் கிடந்தது. சாறு விளிம்புவரை இருந்தது. குனிந்து, இரண்டு கையாலும் ஏந்தி, மரியாதை குறையாமல் கொடுத்தாள்.

"சாப்பிடுங்க பெரியத்தான்."

அவன் வாங்கினான். ஆவி முகத்தில் அடித்தது. அவள் அடுத்த ஆளிடம் போகவில்லை. எதிரிலேயே நின்றாள். வரிசையில் எல்லாருடைய கையும் அப்படியே நின்றுவிட்டது. எலியாஸ் தன் கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிரிசாந்தோ ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய். துண்டை எடுத்துக் கடித்தான். மென்றான். உள்ளே இறங்க மறுத்ததை விழுங்கினான். எலும்பு தெரிகிறவரை அவள் நகரவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றாள்.

பின்கட்டில் அம்மியை யாரோ கழுவிக்கொண்டிருந்தார்கள். அவன் கிண்ணத்தை நீட்டினான்.